கைமருந்து

தணிகையின் சட்டையை ஊறப்போடும் முன் பாக்கெட்டில் கைவிட்டபோது ஜலஜாவுக்கு அந்தக் கவர் அகப்பட்டது. சின்ன காக்கிக் காகிதக் கவர். உள்ளே நாலு மாத்திரை. இரண்டு வருஷமாக அவள் அவனுக்குக் கொடுத்துவருகிற அதே வலி மாத்திரைதான். ஆனால் இது அவள் கொடுத்ததில்லை.

மந்தைவெளி மெடிக்கல் ஷாப்பில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறவள். அட்டையைப் பார்த்தால் யார் கத்தரித்தது என்று சொல்லிவிடுவாள். முதலாளி சந்திரமௌலி கத்தரித்தால் எலி கடித்த மாதிரி இருக்கும். அவள் கத்தரித்தால் கோடு போட்டது போல் நேராக வரும். இந்த அட்டையின் மூலைகளை யாரோ வளைத்து நறுக்கியிருந்தார்கள், வாங்கிப் போகிறவன் விரலில் குத்திவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து. கவரின் மேல் நீல மையில் 'காலை 1, இரவு 1'. உருண்டை உருண்டையான எழுத்து. பொம்பளை எழுத்து.

"இன்னாமா, சட்டைய வெச்சிகினு நின்னுகினே கீற?" என்று கேட்டாள் சாருலதா. ஏழாவது படிக்கிறவள். பள்ளிக்கூடப் பையில் டிபன் டப்பாவைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணியும் இல்ல. நேரமாச்சி, நீ கெளம்பு."

சாரு அந்தச் சட்டையைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பட்டினப்பாக்கத்து ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி அவர்கள் வீடு. கடல் காற்று தின்றுவிட்ட ஜன்னல் கம்பிகளைத் துணி சுற்றிக் கட்டியிருந்தாள் ஜலஜா. கவரை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். சட்டையை ஊறப்போடவில்லை. முகர்ந்து பார்த்தாள். வியர்வை, பீடி, பிளாஸ்டிக் கேன் வாடை. வேறு எதுவும் இல்லை. இல்லாததும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

தணிகைவேல் தண்ணீர் கேன் போடுகிறவன். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் நாற்பது கேன் ஏற்றிக்கொண்டு மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று சுற்றுவான். லிஃப்ட் இருக்கிற அபார்ட்மெண்டிலும் கேன்காரனைப் படியில்தான் ஏறச் சொல்வார்கள். தோளில் ஒன்று, கையில் ஒன்று. நாலு மாடி ஏறி இறங்கினால் அடுத்த கட்டடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாசம், கடையில் கேனை இறக்கி வைத்தவனால் நிமிர முடியவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"அக்கா, முதுகு புட்டுகிச்சிக்கா. ஏதாச்சும் குடுக்கா."

அப்போது அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். அவளைவிட மூன்று வயது இளையவன். ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். டாக்டரிடம் போகச் சொன்னாள். பத்து நாளைக்கு எழுதின சீட்டோடு வந்தான், மாத்திரை கொடுத்தாள். பத்து நாள் கழித்து அதே சீட்டோடு வந்தான். கொடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். இவன் கண் கலங்கிப்போய் நின்றான். கொடுத்தாள்.

அப்புறம் அக்கா போய் ஜலஜா ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வர ஆரம்பித்தான். ஒழுகுகிற குழாயைச் சரிபண்ணினான். சாருவுக்குப் பழைய சைக்கிள் ஒன்று கொண்டுவந்து செயின் போட்டுக் கொடுத்தான்.

மாத்திரை போட்ட அரை மணியில் அவன் வேறு ஆளாகிவிடுவான். நெற்றிச் சுருக்கம் நெகிழும். குரல் இறங்கும். நாளெல்லாம் நின்று வீங்கின அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாக நீவிவிடுவான். "உன் கால் இன்னா பாவம் பண்ணிச்சி ஜலஜா, இப்டி நிக்குது" என்பான். அவள் காலைப் பற்றி அதுவரை யாரும் பேசினதில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் பெருங்குடியில் மெஸ் வைத்திருந்த ஒருத்தியோடு போய்விட்டான். தெருவுக்கே தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. இனி எவனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை என்று வைத்திருந்தாள்.

மாத்திரை போடாத அன்று தணிகை கொட்டாவி விடுவான், வேர்த்துக் கொட்டுவான், சோற்றுத் தட்டைத் தள்ளுவான். காலை நீவுகிறவன் மாத்திரைக்குள்ளேயிருந்து வருகிறான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கொடுத்தாள். அட்டையாகக் கொடுக்கமாட்டாள். கொடுத்தால் நாலு நாள் வரமாட்டான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்துவைப்பாள். தினமும் வருவான்.

அப்படி வருகிறவன் ஒரு மாசமாக நாள் விட்டு நாள் வந்துகொண்டிருந்தான்.

"எங்க போய்ட்ட நேத்து?"

"லோடு ஜாஸ்தி."

"ஆழ்வார்பேட்டையில அந்த ரெண்டாவது மாடிக்காரி டீ குடுத்தாளா?"

"குடுத்தா குடிக்கிறேன். அதுக்கு இன்னா இப்ப?"

"உள்ள கூப்ட்டு குந்த வெச்சி குடுத்தாளா, வாசல்ல நிக்கவெச்சி குடுத்தாளா?"

"அய்ய, ஜலஜா! எனுக்கு ஏற்கனவே மண்ட வலிக்குது."

ரெண்டாவது மாடிக்காரிக்கு அறுபது வயசு என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அந்தத் தெருப் பக்கம் போனால் ஜலஜா அண்ணாந்து பார்க்காமல் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாருவை தி.நகருக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சாரு டான்ஸ். மாம்பழக் கலரில் பாவாடை வேண்டும், ரங்கநாதன் தெருவில் கிடைக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். சாரு பகல் இரண்டு மணிக்கே தலைசீவி, பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தோ வந்துர்றேன். ஒரு வேல கீது, முடிச்சிட்டு வந்து போலாம்" என்று சொல்லிவிட்டு ஜலஜா கிளம்பினாள்.

அடையாறு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திரு.வி.க. பாலத்தின் மேல் போகும்போது ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. ரவிக்கைக்குள் கவர் கசகசவென்று இருந்தது. மந்தைவெளி, ஆழ்வார்பேட்டைக் கடைகளில் காக்கிக் கவர் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அடையாறில் காக்கிக் கவர் போடுகிற கடை எத்தனை இருந்துவிடும்? மூன்று கடை ஏறி இறங்கினாள். ஒவ்வொன்றிலும் ஒரு தலைவலி மாத்திரை கேட்டு வாங்கினாள். நாலாவது கடை, மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருந்தது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண், தலையில் முக்காடு, இருபத்தேழு இருபத்தெட்டு வயசிருக்கும். யாரோ ஒரு கிழவருக்கு அட்டையை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கத்தரியை மூலையில் வளைத்தாள்.

ஜலஜா ரவிக்கைக்குள்ளிருந்த கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கிழவர் போகும்வரை ஓரமாக நின்றாள்.

"சொல்லுங்கக்கா."

"தணிகைவேலுக்கு மாத்திர வாங்கணும்."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் ஜலஜாவால் பொறுக்க முடியவில்லை.

"தணிகை அண்ணன் வீட்லயிருந்தா? நீங்க அவங்க அக்காவா? ஒரு அக்கா இருக்காங்கன்னு சொல்லவே இல்லையே. உக்காருங்க." கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு நீல ஸ்டூல் இருந்தது. "அவர் வந்தா இதுலதான் உக்காருவார். முதுகு முடியாதுல்ல."

ஜலஜா உட்காரவில்லை. "உன் பேரு இன்னாம்மா?"

"ஜுவேரியா."

"எத்தினி நாளா வரான் இங்க?"

"ஒரு மாசம் ஆச்சுக்கா. டாக்டர் சீட்டோடதான் வந்தார், நான் சும்மா குடுக்கல. இந்தப் பழக்கத்த விடுறதுக்குன்னு ஒரு டாக்டரைப் பாத்திருக்கார். ஒரேயடியா நிறுத்த முடியாது, வாரத்துக்கு ஒண்ணு ஒண்ணா கொறைக்கணும்னு எழுதியிருக்காங்க. மொத்தமா கையில இருந்தா முழுங்கிருவேன்மா, ரெண்டு நாளைக்கு ரெண்டு நாளைக்கா குடுன்னு அவரே கேட்டார். ஆறுல ஆரம்பிச்சு இப்ப ரெண்டுக்கு வந்துட்டார். அது எவ்ளோ கஷ்டம் தெரியுமாக்கா? இந்த ஸ்டூல்ல உக்காந்து கை நடுங்கினு அழுவார்."

"அழுவானா? உன்கிட்டயா?"

"எங்க ஃபைசான் அண்ணன் இதுலதான்க்கா போனார். அத சொன்னேன் அவர்கிட்ட. அதுலேர்ந்து மனசு விட்டுப் பேசுவார்." ஜுவேரியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யாரோ ஒரு அம்மா சீட்டு இல்லாம குடுத்துக் குடுத்து இவ்ளோ ஆக்கிட்டாங்களாம். யாருன்னு கேட்டேன், சொல்லமாட்டேன்னுட்டார். நல்லவதான், ஆனா என்ன விடமாட்டா, அப்டின்னார்."

ஜலஜா கவுண்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு சொல்லலியா?"

"இல்லக்கா."

ஒரு மாசமாக அவன் பிழைக்கப் பார்க்கிறான் என்கிற சேதி அவள் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. ஆனால் உள்ளே போனது வேறு. அவளிடம் அழாதவன் இங்கே அழுதிருக்கிறான். அவள் பேரைக்கூடச் சொல்லாமல் ஒளித்துவிட்டு, இந்த நீல ஸ்டூலில் உட்கார்ந்து, இந்தச் சின்னப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறான். அண்ணன் என்கிறாளே என்றால், அவனும்தான் முதலில் ஜலஜாவை அக்கா என்றான்.

"மாத்திரை அவர் கையிலதான்க்கா குடுக்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள் ஜுவேரியா.

வீடு திரும்பும்போது மணி ஆறரை. சாரு பூவை எடுத்துவிட்டு ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. "பாவாட வேணாம்மா. டான்ஸ்லேர்ந்து என் பேர எடுத்துட சொல்லிடறேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு ஒரு பதில் சொல்லவேண்டும் என்றே ஜலஜாவுக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தணிகை வந்தான். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் தெளிவாக இருந்தான். அந்தத் தெளிவு அவளுக்குப் புதுசு. காரப்பொடி மீன் குழம்பு வைத்திருந்தாள். அவன் சாப்பிட்டான். கை கழுவினதும் கடையிலிருந்து எடுத்துவந்த முழு அட்டையை அவன் எதிரே வைத்தாள்.

"இன்னா இது?"

"வெச்சிக்கோ. எவகிட்டயும் போயி கை நீட்டாத."

அவன் அட்டையையே பார்த்தான். எச்சில் விழுங்கினான். "வேணாம் ஜலஜா. ஒரு மாசமா நீ குடுத்தத முழுங்கல, கொறச்சிகினு வரேன். சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அடையாறுல குந்தி சொல்லத் தெரிஞ்சிச்சி, இங்க வாய் வரலியா?"

"அங்க போயிருந்தியா நீ?"

"போனேன். பாத்தேன். மூல மூலயா வளச்சி வெட்டிக் குடுக்கறாளே உன் தங்கச்சி, அவளதான் பாத்தேன்."

"அது சின்னப் பொண்ணு. அத்த ஏன் இதுல இஸ்துகினு வர? உன்கிட்ட சொன்னா நீ உடமாட்டன்னு பயந்துகினு கெடந்தேன். அவ்ளோதான்."

"ரெண்டு வருசம் உனுக்கு சோறு போட்டு, என் வேலய பணயம் வெச்சி, திருடிக் குடுத்தேன். நான் உடமாட்டேனா? அவ சொன்னா கொறப்ப. நான் குடுத்தா வேணாம்ப." அவள் எழுந்து அட்டையை அவன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் போட்டாள். "உனுக்கு நானா, அவளா? சொல்லிட்டுப் போ."

தணிகை கொஞ்ச நேரம் பையின் மேல் கையை வைத்தபடி நின்றான். எடுத்துக் கீழே வைத்துவிட அவன் விரல் போயிற்று. பிறகு அந்தக் கை தானாகப் பொத்தானை இறுக்கிக்கொண்டது. தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனான்.

சமையல்கட்டு வாசலில் சாரு நின்றிருந்தாள்.

"ஏம்மா, அவருதான் வேணாம்னாரே?"

"பெரியவங்க பேச்சுல உனுக்கு இன்னாடி வேல?"

அன்று முழுக்க ஜலஜாவுக்கு மனசு லேசாக இருந்தது. கடையில் ஒரு மாமி, "என்னடி ஜலஜா, இன்னிக்கு சிரிச்சுண்டே இருக்கே?" என்று கேட்டாள்.

குறைத்துக்கொண்டு வந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. இது மருந்துக்கடையில் பன்னிரண்டு வருஷம் நின்றவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தணிகையோடு கேன் போடுகிற ஏழுமலை போன் பண்ணினான். ஆழ்வார்பேட்டையில் ஒரு அபார்ட்மெண்ட் படியில் தணிகை கேனோடு விழுந்துவிட்டான், எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்றான்.

அவசரச் சிகிச்சை வார்டு வாசலில் ஜலஜா போய் நின்றபோது அங்கே ஜுவேரியா முன்னமே வந்திருந்தாள். தணிகையின் போனில் கடைசியாகப் பேசின நம்பர் அவளுடையது. ஏழுமலை அதற்கும் போன் பண்ணியிருந்தான். சுவரோரம் நின்று முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு இங்கே என்ன அழுகை என்று ஜலஜாவுக்கு எரிந்தது.

டியூட்டி டாக்டர் ஒரு இளம் பெண். வெளியே வந்து, "இவர் என்ன மாத்திரை போட்டார், எவ்வளவு போட்டார்? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"அடையாறுல ஒரு கடையில வாங்குவான் மேடம்" என்றான் ஏழுமலை. "தோ, இந்தப் பொண்ணு கடதான்."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார். "கட பேரு இன்னாமா?"

ஜுவேரியா சுவரை விட்டு முன்னால் வந்தாள். "சார், நான் டாக்டர் எழுதினபடிதான் குடுத்தேன். நேத்து நாலு மாத்திரைதான் சார் வாங்கினார். அதுக்கு இப்படி ஆகாது சார்."

"அது ஆகுமா ஆகாதான்னு நாங்க பாத்துக்கறோம். கட பேரு சொல்லு."

ஜலஜா தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கடையை மூடிச் சீல் வைப்பார்கள். இந்தப் பெண் ஊருக்குள் தலை காட்ட முடியாது. நீல ஸ்டூல் குப்பைக்குப் போகும். ஜலஜாவின் வேலை போகாது. ஒரு நிமிஷம் அந்த நினைப்பு சர்பத் குடித்த மாதிரி தொண்டையில் இறங்கியது.

"மூச்சு ரொம்ப மெதுவா இருக்கு. சரியான அளவு தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு பாக்க முடியும்" என்றாள் டாக்டர். பிறகு ஜுவேரியாவைப் பார்த்துச் சலிப்போடு சொன்னாள். "உங்க கையால குடுத்ததுதானே, யோசிச்சு சொல்லுங்க."

உங்க கையால. அந்தச் சொல்லை ஜலஜாவால் தாங்க முடியவில்லை.

"அவ கையால இல்ல" என்றாள். குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "நான்தான் குடுத்தேன். ரெண்டு வருசமா நான்தான் குடுக்கறேன். செவ்வாக்கெழம முழு அட்டையா குடுத்தேன். இவ கொறச்சிதான் குடுத்தா. இவளுக்கும் இதுக்கும் ஒண்ணியும் கெடயாது."

மாத்திரையின் பேர், அளவு, தேதி எல்லாம் சொன்னாள். டாக்டர் உள்ளே ஓடினாள். போலீஸ்காரர் புதுப் பக்கம் திருப்பினார். ஜுவேரியா மெதுவாக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிக்கா" என்றாள். ஜலஜா கையை உருவிக்கொண்டாள்.

தணிகை பிழைத்தான். மூன்றாம் நாள் கண் விழித்தவனை, அவனுடைய டாக்டர் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பிவைத்தார். மூன்று மாசம், பார்வையாளர் கிடையாது.

சந்திரமௌலி கடையில் பத்து நாள் ஷட்டர் திறக்கவில்லை. அதிகாரிகள் வந்து போனார்கள். அவர் ஜலஜாவைத் திட்டவில்லை. "பன்னிரண்டு வருஷமா சாவிய உங்கிட்ட குடுத்துட்டு நான் ஆத்துக்குப் போய் நிம்மதியாத் தூங்கிண்டிருந்தேன். இனிமே நீ வராதேம்மா" என்றார். அது அவளுக்குத் திட்டைவிட அதிகமாகச் சுட்டது. கேஸ் சைதாப்பேட்டை கோர்ட்டில் நடந்தது. மாசம் ஒரு தடவை போய் மரத்தடியில் நின்று வந்தாள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் நட்டு போல்ட்டுகளை டப்பாவில் அடைக்கிற வேலை கிடைத்தது. அங்கே நாளெல்லாம் உட்கார்ந்த வேலை. கால் வீங்குவது நின்றது. சாரு ஆண்டு விழாவில் ஆடவில்லை. அந்த வருஷம் முழுக்க அம்மாவிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தணிகை வந்து கதவைத் தட்டினான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். சட்டைக்கு மேல் இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தான். தண்ணீர் கம்பெனியில் இப்போது லோடு தூக்குவதில்லை, வண்டிகளை அனுப்புகிற வேலை என்றான்.

"குந்து. சாப்புடு."

சாப்பிட்டான். குழம்பு நன்றாக இருக்கிறது என்றான். சாருவிடம் எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டான். ஜலஜா எதிரே உட்கார்ந்து அவன் குரல் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. அவன் கண் தெளிவாகவே இருந்தது. இரண்டு வருஷம் தன் காலை மடியில் வைத்து நீவினவன் இவன் இல்லை என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது. இந்த ஆளை அவளுக்குத் தெரியவே தெரியாது.

"அந்தப் பொண்ணு ஜுவேரியாவுக்கு நிக்காஹ் ஆயிடுச்சி. வேலூருக்குப் போயிடுச்சி" என்றான்.

"அப்டியா" என்றாள். மார்பிலிருந்து என்னவோ இறங்கியது. அது இறங்கினதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"அன்னிக்கு நீ சொல்லலன்னா நான் இல்ல ஜலஜா. அத்த சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"நீ பொயச்சிக்கணும்னு சொல்லல நானு. நீ போனாலும் அவ கையால போனதா இருக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "தெரியும்" என்றான். "வாரம் ஒருவாட்டி வரவா? இந்த மாரி சும்மா. சாப்ட்டுட்டுப் போறேன்" என்று கேட்டான்.

மழை ஜன்னல் வழியாகச் சாரலடித்தது. ஜலஜா எழுந்து சாக்கை மடித்து ஜன்னலடியில் போட்டாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"வேணாம். வராத."

"கோவமா?"

"கோவம் ஒண்ணியும் இல்ல. நீ வருவ. சாப்புடுவ. கெளம்பிப் போவ. எங்க போற, யாரு கூட பேசறன்னு நான் நெனச்சிகினே கெடப்பேன். அப்பால ஒரு நாளு, நீ போவாம இருக்கணும்னு நானே உனுக்கு குடுத்துருவேன். எங்கியாச்சும் தேடி வாங்கியாந்து குடுப்பேன். என்னப் பத்தி எனுக்குத் தெரியும் தணிகா. போ."

அவன் எழுந்தான். சாருவின் தலையில் கை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டான். குடை விரிகிற சத்தம் படியில் கேட்டது.

ஜலஜா கதவில் சாய்ந்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அடங்கின குரலில் கேட்டாள்.

"சாரு, கீழ அவனுக்காக யாராச்சும் நிக்கிறாங்களா, எட்டிப் பாரு."

சாரு தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"பாக்கமாட்டேன். நீயும் பாக்காத."

இன்னொரு தட்டை எடுத்து எதிரே வைத்துச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். ஜலஜா ஜன்னலைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. தலையைத் திருப்பாமல் தாண்டிவந்து, பெண்ணுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.